இன்சுலேஷன் ஒட்டிய வெளிச்சுவரில் எதை, எப்படி மாட்டினீர்கள்?

நாங்கள் குடிவந்த வீட்டின் வெளிச்சுவர் முழுக்க 15 சென்டிமீட்டர் தெர்மாகோல் பலகை ஒட்டி, மேலே ஃபைபர் வலை பதித்துப் பூசியிருந்தார்கள். பார்க்கச் சாதாரணச் சிமென்ட் சுவர்தான். தட்டினால்தான் பொத்பொத்தென்ற சத்தத்தில் விஷயம் தெரியும்.

வாசலுக்கு மேலே இருந்த கேனோபி (மழை மறைக்கும் சின்னக் கூரை) ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றியபோது காரணம் தெரிந்தது. முன்பு மாட்டியவர் நீளமான போல்ட்டைச் செங்கல்வரை விட்டிருக்கிறார், அதுவரை சரி. ஆனால் ஆட்டம் நிற்கவில்லை என்று நட்டைப் போட்டு இறுக்கித் தள்ளியிருக்கிறார். அங்கே இருப்பது ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத பூச்சு. அதன் பின்னால் தெர்மாகோல். கேனோபியின் பிளேட் உள்ளே அமுங்கி, சுற்றிலும் விரிசல் விட்டு, அந்த வழியாக மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது.

போல்ட் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். இந்தச் சுவரில் அதற்கு முன்பே போல்ட் வளைந்துவிடும். 20 கிலோ பொருளைச் செங்கல்லோடு ஒட்டி மாட்டுவது வேறு, 15 சென்டிமீட்டர் தள்ளி மாட்டுவது வேறு. அந்தத் தூரம் மட்டுமே போல்ட் செங்கல்லுக்குள் நுழையும் இடத்தில் அதை வளைக்கும் திருப்புவிசையைச் சுமார் 30 நியூட்டன் மீட்டர் கூட்டுகிறது. கேனோபி முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதன் கணக்கு தனி. நடுவில் உள்ள தெர்மாகோலைத் தாங்கலாக நினைக்கவே கூடாது.

மறுபடி மாட்டும்போது ஃபிஷர் தெர்மாக்ஸ் வகை ஆங்கர் போட்டோம். சுவருக்குள் போகும் கம்பியைக் கெமிக்கல் பசை பிடித்துக்கொள்கிறது. வெளிப்பக்கம் கண்ணாடியிழை கலந்த பிளாஸ்டிக் கூம்பு. உள்ளே உள்ள இரும்பும் வெளியே உள்ள இரும்பும் நேரடியாகத் தொடாததால் வெப்பமோ குளிரோ அதன் வழியே எளிதில் கடக்காது. இரும்பு தெர்மாகோலைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பம் கடத்தும் என்பதால், இது வீண் செலவு என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் சுவர் ஓட்டைச் செங்கல். டிரில்லின் ஹேமர் மோடை அணைத்துவிட்டு வெறும் சுழற்சியில்தான் துளை போட்டோம், இல்லாவிட்டால் செங்கல்லுக்குள் இருக்கும் மெல்லிய தடுப்புகள் நொறுங்கிவிடும். பசை உள்ளே கொட்டிப் போகாமல் இருக்கச் சல்லடைக் குழாயும் வேண்டும்.

———

நான் எலக்ட்ரிக்கல் வேலை செய்பவன். வீட்டு எண் பலகை, தெர்மாமீட்டர், சின்ன சென்சார் இதற்கெல்லாம் செங்கல்வரை போக வேண்டியதில்லை. தெர்மாகோலிலேயே திருகி ஏறும் சுருள் பிளாஸ்டிக் பிளக் இருக்கிறது, ஓரிரண்டு கிலோவுக்கு அது போதும். சாதாரண ரால் பிளக் அங்கே பிடிக்கவே பிடிக்காது.

எடையைவிட எனக்குத் தலைவலி தருவது துளைதான். வயர் போகும் பைப் வெளிப்பக்கம் கொஞ்சம் சரிந்திருக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் உள்ளே ஓடாது. துளையை எதை வைத்து அடைக்கிறோம் என்பதும் முக்கியம். ஒரு வீட்டில் யாரோ சால்வென்ட் கலந்த பசையைப் பிதுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். விளக்கைக் கழற்றினால் பின்னால் கை நுழையும் அளவு பள்ளம்! தெர்மாகோலை அந்தப் பசை கரைத்துவிட்டது. டியூபில் பாலிஸ்டைரீனுக்கு (தெர்மாகோல் அதில்தான் செய்யப்படுகிறது) ஏற்றது என்று எழுதியிருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

———

கேனோபிக்காரருக்கு ஒரு சந்தேகம்: பூச்சுக்கும் கூம்புக்கும் நடுவில் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் போட்டீர்களா? எங்கள் வீட்டில் அது விட்டுப்போய், பூச்சில் ஈரத் திட்டு வந்தது.

———

போட்டோம். கூம்பைச் சுற்றி ஒரு வளையமாக. அடியில் மட்டும் போடாமல் விடலாமா என்று யோசித்தோம், பிறகு முழுக்கவே போட்டுவிட்டோம்.

———

இன்னும் பலகை ஒட்டாதவர்களுக்கு: இப்போதே எங்கே என்ன வரும் என்று முடிவு செய்துவிடுங்கள். கைப்பிடி, துணிக்கொடி, ஏசி வெளி யூனிட் வரும் இடங்களில் கெட்டியான ஃபோம் கட்டைகளைச் சுவரோடு பிணைத்துப் பதித்துவிட்டுத்தான் நாங்கள் பூசினோம். மேஸ்திரி மரக்கட்டை வைக்கலாம் என்றார், ஈரம் பட்டால் உளுத்துப்போகும் என்று மறுத்துவிட்டேன். பூசி முடித்தால் கட்டை எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. ஜன்னல் ஓரத்திலிருந்து டேப் பிடித்து அளவு தெரியும்படி ஃபோட்டோ எடுத்து வைத்தேன். துணிக்கொடி மாட்ட வந்தவர் அந்த ஃபோட்டோவைப் பார்த்துத்தான் டிரில்லையே எடுத்தார்.