வண்டியை இறக்கப் போகிறேன், யாரும் கத்த வேண்டாம்

நான்: எல்லாருக்கும் ஒரு தகவல். வண்டியைக் கொஞ்சம் இறக்கலாம் என்று இருக்கிறேன். 60 மி.மீ. வரை இறங்குகிற காயில்ஓவர் செட் ஒன்று (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்து, உயரத்தைத் திருகி மாற்றுகிற மாதிரி இருக்கும்) மலிவாக வருகிறது, நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து. அத்தான், பார்த்துச் சொல்லுங்கள்.

சித்தப்பா: எதை இறக்குகிறாய்? டிக்கியில் இருக்கிற சாமானையா?

அக்கா: இல்லை சித்தப்பா, வண்டியையே தரையோடு ஒட்டப் போகிறானாம். பதினைந்து வயது வண்டிக்கு இப்போதுதான் அலங்காரம்.

அம்மா: எனக்கு முட்டி வலி. இதற்கு மேல் கீழே போனால் நான் எப்படி ஏறி இறங்குவது?

நான்: இரண்டு இன்ச் கூட வராது அம்மா.

அத்தான்: 60 மி.மீ. என்றால் இரண்டு இன்ச்சைத் தாண்டிவிட்டது மாப்பிள்ளை. அதை விடு. பள்ளத்தில் விழுந்தால் முன்னால் டக் டக் என்று கேட்கிறது என்றாயே, அது என்ன ஆயிற்று?

நான்: அப்படியேதான் இருக்கிறது. புது செட் போட்டால் அதுவும் சேர்ந்து சரியாகிவிடும் இல்லையா?

அத்தான்: அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எப்படிச் சரியாகும்? நீ சொல்கிற பெட்டியில் ஷாக்கும் ஸ்பிரிங்கும்தான் வரும். சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைக்கிற மற்றதெல்லாம், அதாவது லிங்க் ராட், சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கிற லோயர் ஆர்ம், அதன் ரப்பர் புஷ், பால் ஜாயின்ட், மேலே இருக்கிற ஸ்ட்ரட் மவுண்ட், பேரிங் எல்லாம் பழையதுதான் இருக்கும். அதில் பாதி ரப்பர், வண்டி ஓடினாலும் நின்றாலும் வயதாகி வெடிக்கும். அதன் தலையில் இன்னும் விறைப்பான ஸ்பிரிங்கைக் கொண்டுபோய் வைத்தால் மிச்சம் இருப்பதும் சீக்கிரம் போகும். பழைய வண்டியை இறக்கும்போது முதல் காசு இந்த ரப்பருக்குத்தான், அப்புறம் ஷாக், கடைசியில்தான் எவ்வளவு இறக்கம் என்கிற பேச்சு.

சித்தப்பா: எங்கள் காலத்தில் ஸ்பிரிங்கில் ஒரு சுற்று அறுத்துவிடுவார்கள். செலவே கிடையாது.

அத்தான்: மாமா, அதை மட்டும் இவனுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். ஸ்பிரிங்கின் நுனி, அது உட்காரும் தட்டுக்கு ஏற்ற மாதிரி வளைந்திருக்கும். அறுத்தால் அந்த நுனி போய்விடும். நீளமும் குறைந்துவிடுவதால் சக்கரம் முழுதாகக் கீழே தொங்கும்போது ஸ்பிரிங் தட்டை விட்டு ஆடும், திரும்ப அமரும்போது அதே இடத்தில் அமரும் என்று சொல்ல முடியாது. சிலர் நெருப்பு வைத்துச் சூடாக்கி இறக்குவார்கள், அது இதைவிட மோசம். அந்த எஃகுக்கு ஏற்றியிருக்கிற பதமே போய்விடும்.

சித்தப்பா: என் சிநேகிதன் வண்டி நன்றாகத்தான் ஓடியது.

அக்கா: அந்த வண்டியில் ஒரு தடவை பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கியதும் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று சித்தியிடம் கேட்கட்டுமா?

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நான்: சரி, அறுக்கவில்லை. ஆனால் 60 ஏன் கூடாது? தாழ்ந்தால் வளைவில் சாயாதே?

அத்தான்: இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படி. வண்டி நிற்கிற நிலையில் இருந்து சக்கரம் மேலே போவதற்கு ஒரு இடம் இருக்கும். ஒரு பேச்சுக்கு 80 மி.மீ. என்று வைத்துக்கொள். 60 இறக்கினால் மிச்சம் 20, அதிலும் சக்கரம் மேலே முட்டாமல் தடுக்கிற பம்ப் ஸ்டாப் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் ஸ்பிரிங் வேலை செய்யாது, பம்ப் ஸ்டாப் ரப்பர் மேல்தான் உட்கார்ந்து போவாய். அதை மறைக்கத்தான் அந்த செட்டுகளில் ஸ்பிரிங்கைக் கல் மாதிரி வைக்கிறார்கள்.

அத்தான்: சாய்வு விஷயம் இன்னும் வேடிக்கை. உன் வண்டியில் முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கிற அமைப்பு. இப்போது லோயர் ஆர்ம் உள்ளே இருந்து வெளியே போகப் போகச் சற்றுக் கீழ்நோக்கி இருக்கும். நிறைய இறக்கினால் அதன் வெளிமுனை மேல்நோக்கித் தூக்கிக்கொள்ளும். வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டியின் எடை மையம் இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி கூடினால் வண்டிக்குச் சாய்கிற ஆசையும் கூடும். அதோடு ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராட்டின் கோணமும் மாறுவதால், மேட்டில் ஏறும்போது நீ திருப்பாமலே சக்கரம் கொஞ்சம் திரும்பும். எஞ்சின் பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற டிரைவ் ஷாஃப்ட்டின் ஜாயின்டும் எந்நேரமும் கோணத்திலேயே சுற்றும்.

அக்கா: எனக்குப் புரிகிற மாதிரி ஒரு வரியில்?

அத்தான்: 25, 30 வரை இறக்கினால் பார்க்கவும் ஓட்டவும் நன்றாக இருக்கும். அதற்கு மேல் போட்டோவுக்கு மட்டும்தான் நன்றாக இருக்கும்.

நான்: அப்படியானால் ஐபாக், ஹெச் அண்ட் ஆர் மாதிரி கம்பெனிகளின் 30 மி.மீ. இறக்குகிற ஸ்பிரிங் மட்டும் வாங்கிப் போட்டுவிடுகிறேன். ஷாக் பழையதே இருக்கட்டும். செலவும் குறைவு.

அத்தான்: ஷாக் வண்டியோடு வந்ததா, நடுவில் மாற்றியதா?

நான்: நான் வாங்கிய பிறகு மாற்றவில்லை.

சித்தப்பா: பம்பரை அழுத்திவிட்டுப் பார். ஒரு தடவை மேலே வந்து நின்றால் ஷாக் நல்லது.

அத்தான்: அந்தச் சோதனையில் அடியோடு செத்த ஷாக்தான் மாட்டும் மாமா, பாதி செத்தது தப்பித்துவிடும். எண்ணெய் வழிந்து தூசி படிந்திருக்கிறதா என்று பார்ப்பது அதைவிட நல்லது. லேசாக ஈரம் தெரிந்தால் பரவாயில்லை, சொட்டினால் கதை முடிந்தது.

அத்தான்: மாப்பிள்ளை, பழைய ஷாக் பழைய மென்மையான ஸ்பிரிங்கை அடக்குவதற்கு அளவு செய்தது. புது ஸ்பிரிங் விறைப்பு, அதை அடக்கத் திணறும், வண்டி குதித்துக்கொண்டே போகும். தாழ்ந்த நிலையில் பிஸ்டன் எப்போதும் கீழ்ப்பக்கமாகவே ஓடும். ஷாக் செய்கிற பில்ஸ்டைன் கம்பெனியின் பட்டியலையே எடுத்துப் பார். பி4 என்பது கம்பெனி ஷாக்குக்குப் பதில், பி6 அதே உயரத்துக்குப் பலமானது, பி8 தாழ்ந்த ஸ்பிரிங்குக்கு என்றே நீளம் குறைத்தது. பி12 என்றால் பி8 ஷாக்கோடு ஐபாக் ஸ்பிரிங்கும் ஒரே பெட்டியில். அதையே வாங்கு என்று சொல்லவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதற்காகத்தான் மெனக்கெட்டுத் தனித்தனியாகச் செய்கிறார்கள். முன்பக்கம் ஸ்பிரிங் மாற்ற ஸ்ட்ரட்டையே வெளியே எடுக்க வேண்டும். இப்போது ஸ்பிரிங், அப்புறம் ஷாக் என்றால் ஒரே கூலியை இரண்டு முறை கொடுப்பாய்.

நான்: அதுதான் சொல்கிறேன், ஷாக்கும் ஸ்பிரிங்கும் தனித்தனியாக வாங்கினால் அந்தக் காயில்ஓவர் செட்டைவிட அதிகம் ஆகிறதே.

அத்தான்: அவ்வளவு மலிவாக எப்படித் தருகிறார்கள் என்று யோசி. உள்ளே இருக்கிற வால்வு, சீல், கம்பியின் மேல் பூச்சு, திருகு மரையின் மேல் பூச்சு. இதில்தான் மிச்சம் பிடிப்பார்கள், ஒன்றும் வெளியே தெரியாது. உயரத்தை ஒருமுறை வைத்துவிட்டால் தினமும் வேலைக்குப் போகிற நீ அதைத் திரும்பத் தொடப் போவதில்லை. சேறும் ஈரமும் ஏறி, உயரத்தை மாற்றுகிற அந்த வளையம் இறுகிப்போகும். பிறகு சுத்தியலோடு போனாலும் அசையாது.

அத்தான்: காயில்ஓவரே கெட்டது என்று சொல்லவில்லை. டெய்ன், பிசி ரேசிங், கேடபிள்யூ குடும்பத்து எஸ்டி எல்லாம் வருடக்கணக்காகச் செய்கிறவர்கள். விற்கிறவரிடம் இரண்டே கேள்வி கேள். ஸ்பிரிங் ரேட், அதாவது ஸ்பிரிங்கின் விறைப்பு எவ்வளவு? ஒரு ஷாக் போனால் அது மட்டும் தனியாகக் கிடைக்குமா?

நான்: முதல் கேள்வியைக் காலையிலேயே கேட்டேன். ஸ்போர்ட்டியாக இருக்கும் என்று பதில் வந்தது.

அக்கா: 😂😂 எண் கேட்டால் பாராட்டு அனுப்புகிறார்கள்.

அத்தான்: பார்த்தாயா. இன்னும் மலிவான வழி ஒன்று இருக்கிறது, யாரும் யோசிப்பதில்லை. உன் மாடலிலேயே கம்பெனி ஸ்போர்ட் வேரியன்ட் விட்டிருந்தால் அதன் ஸ்பிரிங் பார்ட் நம்பரைத் தேடு. ஃபோக்ஸ்வாகனின் ஐந்தாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ சாதாரண கோல்ஃபைவிட 15 மி.மீ.தான் தாழ்வு, அதை யாரும் உயரமான வண்டி என்று சொன்னதில்லை. அந்த மாதிரி ஸ்பிரிங் பழையதாக வாங்கினால்கூடச் சரி, விரிசலும் துருவும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். எஞ்சின் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்கா என்றும் பார், டீசல் வண்டிக்கு முன்னால் வேறு போடுவார்கள். ஷாக்கை மட்டும் பழையதாக வாங்கவே வாங்காதே.

அம்மா: நாங்கள் எல்லாரும் பெட்டியோடு ஏறினால் பின்னால் இடிக்காதா?

அத்தான்: நல்ல கேள்வி அத்தை. அதனால்தான் முன்னால் 30, பின்னால் 20 என்று இறக்கச் சொல்வேன். முன்பக்கம் சக்கரத்துக்கு மேல் இடைவெளியும் வழக்கமாக அதிகம் இருக்கும், பார்க்கவும் சமமாகிவிடும். உங்கள் முட்டிக்கு ஒரு இன்ச்தான் வித்தியாசம்.

அத்தான்: இதில் பிரேக்கும் இருக்கிறது மாப்பிள்ளை. பழைய வண்டிகள் சிலவற்றில் பின் ஆக்சிலுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பியோ ஸ்பிரிங்கோ போய் பிரேக் வால்வில் மாட்டியிருக்கும். பாரம் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும். நீ வண்டியை இறக்கினால் அது பாரம் ஏறியிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். காலி வண்டியில் சடாரென்று பிரேக் பிடித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வால் சுற்றும். உன் வண்டியில் அது இருந்தால் புது உயரத்துக்கு ஏற்ப அளவு வைக்கச் சொல்.

அக்கா: இதைக் கேட்ட பிறகு நான் குழந்தைகளை அந்த வண்டியில் அனுப்ப மாட்டேன்.

அத்தான்: பயமுறுத்தவில்லை, மெக்கானிக்கிடம் சொன்னால் போதும். ஹெட்லைட் உயரம், வீல் அலைன்மென்ட் இரண்டும் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் கொஞ்சம் ஓடி அமர்ந்த பிறகு அலைன்மென்ட் செய். கேம்பரைப் பற்றியே, அதாவது முன்னால் இருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருப்பதைப் பற்றியே எல்லாரும் பேசுவார்கள், டயரைத் தின்பது பெரும்பாலும் டோ, அதாவது மேலே இருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது. இன்சூரன்ஸ்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடு.

சித்தப்பா: மாட்டுவதை நாமே வீட்டில் செய்யலாமே, என்னிடம் ஜாக்கி இருக்கிறது.

அத்தான்: வேண்டாம் மாமா. அழுத்தி வைத்த ஸ்பிரிங் நழுவினால் கையோ முகமோ போய்விடும். இன்னொன்று, லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை வண்டி தொங்கும்போது இறுக்கக் கூடாது, சக்கரம் தரையில் நின்ற பிறகுதான் கடைசி இறுக்கு. தொங்கலில் இறுக்கினால் புது ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். மெக்கானிக்குகளே பலர் இதை மறந்துவிடுவார்கள், பக்கத்தில் நின்று பார்.

அத்தான்: எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வேலை. சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவில் இருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து போடு. 30 இறங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தால் அது புது வண்டி உயரத்தில் இருந்து. பழைய ஸ்பிரிங் ஏற்கெனவே தளர்ந்து 10 இறங்கியிருந்தால் உன் கண்ணுக்கு 20தான் தெரியும், ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்துவாய்.

நான்: இருங்கள், கீழே போய் அளந்து வருகிறேன்.

நான்: முன் இடது 372, முன் வலது 354, பின் இடது 378, பின் வலது 376.

அத்தான்: முன்னால் 18 வித்தியாசமா? டேப்பைச் சரியாகப் பிடித்தாயா? தரை சாய்வா?

நான்: வண்டியைத் திருப்பி நிறுத்தியும் அளந்துவிட்டேன். அதேதான்.

அத்தான்: ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பிவிட்டு வலது சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடி. ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று, தட்டில் உட்காரும் இடம், அதைப் படம் எடு.

நான்: 📷 புகைப்படம்

அக்கா: அது என்ன, ஒரு துண்டு தனியாகத் தெரிகிறது?

அத்தான்: கடைசிச் சுற்று உடைந்திருக்கிறது. துருப்பிடித்த இடத்தில் இருந்துதான் உடைந்திருக்கும், பழைய வண்டிகளில் நிறையப் பார்க்கலாம். டக் டக் சத்தம் அநேகமாக இதுதான். அந்த நுனி நழுவி வெளியே வந்தால் டயரைக் கிழிக்கும். இனி அந்த வண்டியை எடுக்காதே.

அம்மா: ஐயோ, நேற்றுகூட அதில்தானே வந்தேன்.

நான்: அப்படியென்றால் ஸ்பிரிங் எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும் 😁

அத்தான்: ஆமாம், ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஸ்ட்ரட் எப்படியும் வெளியே வருகிறது, அதனால் முன்னால் 30, பின்னால் 20 இறக்குகிற ஸ்பிரிங், அதற்கேற்ற நீளம் குறைந்த ஷாக், புது ஸ்ட்ரட் மவுண்ட், பம்ப் ஸ்டாப், லிங்க் ராட். லோயர் ஆர்ம் புஷ்ஷைக் கழற்றும்போது பார்த்து முடிவு செய்வோம். கணக்கு மீறினால் இறக்கத்தை விட்டுவிடு, சாதாரண ஸ்பிரிங் போடு, ரப்பரை மட்டும் விடாதே.

நான்: சரி அத்தான். அந்த 60 மி.மீ. செட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பார்ட் நம்பர் தேடி ராத்திரி அனுப்புகிறேன். நாளை காலை வேலைக்கு எப்படிப் போவது?

அக்கா: என் வண்டியை எடுத்துக்கொள். அதை இறக்காமல் திருப்பிக் கொடு.