ரிப்போர்ட் எல்லாம் நார்மல், காலையில நிமிர முடியல

அருமனைக்காரி:
எனக்கு 31 வயசு, ரப்பர் வெட்டுக்குப் போறேன். நாலு வருஷமா இடுப்புக்குக் கீழ பின்பக்கம் வலி. ஒரு வாரம் வலப்பக்கம்னா அடுத்த வாரம் இடப்பக்கம். ராத்திரி ரெண்டு மணிக்கு வலியே எழுப்பி விடும். நேரா எழும்ப முடியாது. கவிழ்ந்து படுத்து, முட்டு ஊனி, சுவரைப் பிடிச்சுதான் நிமிரணும். அப்புறம் தலையில லைட்டைக் கட்டிக்கிட்டு தோட்டத்துக்குப் போகணும். முதல் முப்பது மரத்துக்குக் குனியும்போது கண்ணுல தண்ணி வந்துடும். நூறாவது மரம் வரும்போது உடம்பு இளகியிருக்கும்.

மூணு ஆஸ்பத்திரி பார்த்தாச்சு. ஒரு இடத்தில பிரசவத்துக்கு முதுகுல ஊசி போட்டதாலன்னாங்க. இன்னொரு இடத்தில எக்ஸ்ரே நார்மல், ரெஸ்ட் எடுங்கன்னாங்க. மூணாவது டாக்டர் மனசுதான் காரணம்னு தூக்க மாத்திரை எழுதினார். வர்ம ஆசான் உழிச்சு விட்டப்ப ரெண்டு நாள் சுகமா இருந்தது, அவ்வளவுதான்.

தை, மாசியில இலை உதிரும்போது வெட்டு இல்லாம வீட்டில இருந்தேன். ரெஸ்ட்தானே? அப்பதான் வலி ரொம்பக் கூடிச்சு. "வெட்டுக்குப் போனா வலிக்காது, வீட்டு வேலைன்னா வலிக்குமா"ன்னு மாமி கேட்டாங்க. எனக்கே பதில் தெரியல. யாருக்காவது இப்படி இருக்கா?

தக்கலை அண்ணன்:
தங்கச்சி, உங்க மாமி கேட்டதையே டாக்டர்கிட்ட சொல்லுங்க. ரெஸ்ட்ல கூடி, அசைஞ்சா குறையிற வலி சாதாரண உளுக்கு இல்ல, வீக்கத்தால வர்ற முதுகுவலியா இருக்கலாம். எனக்கும் இப்படித்தான். ஏழு வருஷம் கழிச்சுத்தான் அன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்னு பேர் சொன்னாங்க, முதுகெலும்பு மூட்டுகள்ல வீக்கம் வர்ற ஒரு வாத நோய். அந்தப் பேர் கேட்ட அன்னைக்கு பஸ்ஸில உக்காந்து அழுதேன், நோய் வந்ததுக்காக இல்ல, நான் பொய் சொல்லலன்னு ஆச்சே. உங்களுக்கும் அதேதான்னு நான் சொல்லக்கூடாது. மூட்டுவாத டாக்டர்தான் பார்த்துச் சொல்லணும். எப்பவாவது கண்ணு சிவந்து வலிச்சுதா?

அருமனைக்காரி:
அண்ணா, ரெண்டு தடவை! வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாம இருந்தது. சொட்டு மருந்து விட்டு சரியாச்சு. ரப்பர் பால் தெறிச்சிருக்கும்னு நினைச்சேன், முதுகோட சேர்த்து யார்கிட்டயும் சொல்லல.

குழித்துறை நர்ஸ்:
அக்கா, அதைக் கட்டாயம் சொல்லுங்க. அண்ணன் சொன்ன நோயில கண்ணுக்குள்ளயும் வீக்கம் வரலாம். அந்தக் கண் சீட்டு இருந்தா கையில எடுத்துட்டுப் போங்க. மறுபடி சிவந்தா அன்னைக்கே கண் டாக்டரைப் பாருங்க, கடையில மருந்து வாங்கி விடாதீங்க. எக்ஸ்ரேயில மாற்றம் தெரிய வருஷக்கணக்கு ஆகும். முதுகெலும்பு இடுப்பெலும்போட சேர்ற மூட்டுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தா வீக்கம் அதுக்கு முன்னாடியே தெரியலாம். உடம்புல வீக்கம் இருக்கான்னு பார்க்கிற ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்த டெஸ்ட் சரியா இருந்தாலும் இந்த நோய் இருக்கலாம். எச்.எல்.ஏ. பி27ங்கிற மரபணு டெஸ்டை மட்டும் வச்சு ஆமாம்னோ இல்லன்னோ சொல்ல முடியாது. தூரம் போக வசதி இல்லன்னா முதல்ல ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஓ.பி.யில காட்டி, எங்க அனுப்புவாங்கன்னு கேளுங்க. வலிக்குதுன்னு மட்டும் சொல்லாம, எழும்பி எத்தனை நிமிஷம் கழிச்சு உடம்பு இளகுதுன்னு கணக்கு கொடுங்க.

அருமனைக்காரி:
பால் கணக்கு எழுதுற நோட்டில கடைசிப் பக்கத்தைத் திருப்பி எழுதியிருக்கேன். இன்னைக்கு: எழும்பினது 3.40. செருப்பு வாரை மாட்டக் குனிய முடிஞ்சது 4.50. திங்கக்கிழமை ஆசாரிப்பள்ளம் போறேன். மாமியும் கூட வர்றேன்னாங்க.