பாப் டிலனின் காஸ்பல் காலம் இசைக்கு இழப்பா?

பழைய இசைத்தட்டு எழுதியது:
அமெரிக்கப் பாடகர் பாப் டிலன், காஸ்பல் என்னும் கிறிஸ்தவ ஆலய இசையின் பக்கம் திரும்பி, 1979 முதல் 1981 வரை வெளியிட்ட ‘ஸ்லோ ட்ரெய்ன் கமிங்’, ‘சேவ்ட்’, ‘ஷாட் ஆஃப் லவ்’ ஆகிய மூன்று பாடல் தொகுப்புகளையும் அவருடைய சறுக்கலாகவே நான் கருதுகிறேன். கேள்வி கேட்டே பெயர் வாங்கிய ஒருவர், கலிபோர்னியாவின் வைன்யார்டு கிறிஸ்தவ சபையில் சில மாதங்கள் வேதாகம வகுப்புக்குப் போய்விட்டு வந்து, பிசாசுக்கோ கர்த்தருக்கோ யாருக்கேனும் நீ ஊழியம் செய்தே ஆகவேண்டும் என்று பாட்டிலேயே தீர்ப்புச் சொல்லத் தொடங்கினார். அவர் எதை நம்பினாலும் எனக்கு வழக்கில்லை. ஆனால் 1979 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் வார்ஃபீல்டு அரங்கில் நடந்த 14 நிகழ்ச்சிகளிலும் ஒரு பழைய பாடலைக்கூடப் பாட மறுத்தது, நுழைவுச்சீட்டு வாங்கி வந்தவர்களை அவமதித்ததாகாதா?

கடவுள்மறுப்பான் எழுதியது:
எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது; இருந்தும் டிலனின் பக்கமே நிற்கிறேன். 1954இல் பாடகர் ரே சார்ல்ஸ் ஆலயப் பாட்டின் மெட்டை எடுத்துக் காதல் பாட்டாக்கியபோது அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தில் தயாரிப்பாளராக இருந்த ஜெரி வெக்ஸ்லர்தான், 25 ஆண்டுகள் கழித்து, அலபாமாவின் மஸில் ஷோல்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் பேரி பெக்கெட்டுடன் சேர்ந்து ‘ஸ்லோ ட்ரெய்ன் கமிங்’ தொகுப்பைத் தயாரித்தார். அவர் யூதர், நாத்திகர். டிலன் வேதம் பேசத் தொடங்கியதும், அதெல்லாம் தன்னிடம் பலிக்காது, இசைத்தட்டைச் செய்வோம் என்று சொல்லிவிட்டதாகப் பின்னாளில் அவரே சிரித்துக்கொண்டு நினைவுகூர்ந்தார். ஆலயத்திலிருந்து ராக்குக்கு வந்த இசை அதே பாதையில் திரும்பிப் போனதில் இழப்பு எங்கே இருக்கிறது? வார்ஃபீல்டில் திரை விலகியதும் டிலன் மேடைக்கு வரவில்லை. மூன்று கறுப்பினப் பாடகியரில் ஒருவரான ரெஜினா மெக்ரேரி முன்னால் வந்து, சீட்டு வாங்கக் காசில்லாத மூதாட்டி ஒருத்தி மகனைப் பார்க்க ரயிலேற முயன்ற கதையைச் சொன்னார்; அதன் பிறகு ஒரு பியானோவை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு மூவரும் பல பாடல்களைப் பாடி முடித்த பின்னரே டிலன் வந்தார். தனக்கு முன்பாக அந்த மரபையே பேசவிட்ட ஒருவர் ரசிகரை அவமதித்தார் என்று நான் ஏற்கமாட்டேன்.

பழைய இசைத்தட்டு எழுதியது:
பாடகியரைப் பற்றி எனக்கும் குறையேதும் இல்லை. குறை, பாடல்களுக்கு நடுவே அவர் செய்த பிரசங்கத்தைப் பற்றியது. அதே நவம்பர் மாதம் அரிசோனாவின் டெம்பியில் கூட்டம் கூச்சலிட்டபோது, ராக் அண்ட் ரோல்தான் வேண்டுமென்றால் கிஸ் குழுவைப் போய்க் கேளுங்கள், அப்படியே பாதாளம்வரை ஆடிக்கொண்டே போகலாம் என்ற பொருளில் அவர் சீறினார். ஒலிநாடாவில் அதைக் கேட்டவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்வார்கள்?

ஞானப்பாட்டு எழுதியது:
நான் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவன். ஆகவே நான் டிலனை வாழ்த்துவேன் என்று நண்பர்கள் எதிர்பார்க்கக்கூடும். அந்தப் பிரசங்கங்கள் எனக்கும் உவப்பானவை அல்ல. உலக முடிவு இதோ வாசலில் நிற்கிறது என்று முழங்கிய ஹால் லிண்ட்சேயின் போதனை அன்று வைன்யார்டு வட்டாரத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது. முதல் தொகுப்பில் கிருபையைவிட நியாயத்தீர்ப்பே உரத்துக் கேட்பதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். காஸ்பலின் உயிர்நாடி மிரட்டலில் இல்லை, மீட்கப்பட்டவனின் நன்றியில் இருக்கிறது. அந்த நன்றி ‘சேவ்ட்’ தொகுப்பில்தான் வருகிறது. ஆனால் மேடையில் பொறி பறந்த அப்பாடல்களை, நெடும் பயணம் முடிந்த கையோடு 1980 பிப்ரவரியில் சில நாள்களுக்குள் அவசரமாகப் பதிவு செய்ததால், தட்டில் களைப்புதான் மிஞ்சியது. 2017இல் வெளியான மேடைப் பதிவுகளில் ஜிம் கெல்ட்னரின் டிரம்ஸையும் ஸ்பூனர் ஓல்டாமின் ஆர்கனையும் கேட்டுவிட்டுப் பழைய இசைத்தட்டு அவர்கள் மறுபடியும் எழுதட்டும்.

கடவுள்மறுப்பான் எழுதியது:
ஞானப்பாட்டு ஐயா சொல்வதோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன். 2003இல் ஷெர்லி சீசர் போன்ற காஸ்பல் பாடகர்களே இப்பாடல்களைப் பாடித் தனித் தொகுப்பாக வெளியிட்டார்கள். ஆலயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் தங்கள் பாட்டாக ஏற்றுக்கொண்டதை, வெளியே நிற்கும் நாம் போலி என்று தள்ளுவதற்கு என்ன தகுதி இருக்கிறது?

பழைய இசைத்தட்டு எழுதியது:
போலி என்று நான் எங்கும் எழுதவில்லை. நேர்மையான நம்பிக்கையிலிருந்தும் மோசமான பாடல் பிறக்கலாம் என்பதே என் வாதம். மேடைப் பதிவுகளைக் கேட்டிருக்கிறேன். இசைக்குழு அபாரம், அதில் சண்டையில்லை. ஆயினும் 1980 நவம்பரில் அதே வார்ஃபீல்டுக்குத் திரும்பியபோது டிலனே பழைய பாடல்களையும் கலந்து பாடினார். எண்பது வயதைக் கடந்த பிறகும் மேடையில் அவர் பாடிவந்த அந்த ஊழியப் பாட்டிலும் பல வரிகளை மாற்றிவிட்டார். 1979இல் எழுதியது அவருக்கே முழு நிறைவு தந்திருந்தால் எதற்காக மாற்றினார் என்பதற்கு, முடிந்தால், யாரேனும் பதில் எழுதுங்கள்.

ஞானப்பாட்டு எழுதியது:
1960களின் பாடல்களையும் அவர் மேடைக்கு மேடை மாற்றித்தானே பாடுகிறார், நண்பரே? அவற்றையும் சறுக்கல் பட்டியலில் சேர்த்துவிடுவீர்களா?