சாலையில் காயும் நெல், கோடில்லாத வேகத்தடை: மனுவை யாரிடம் கொடுப்பது?

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமச் சாலை ஒன்றைப் பற்றி, இதில் அனுபவமுள்ளவர்களிடம் யோசனை கேட்கிறேன்.

சம்பா அறுவடை தொடங்கினால் தார்ச்சாலையில் பாதி நெற்களமாகிவிடும். குவியலைச் சுற்றிக் கருங்கல் வைத்து, இரவில் தார்ப்பாயால் மூடிவிடுகிறார்கள். கிட்டே போகும்வரை கண்ணுக்குத் தெரியாது. உளுந்து பிடுங்கும் காலத்தில் செடியையே பரப்பி வண்டிகளை ஏறவிடுகிறார்கள். அந்தக் கொடி காரின் அடியில் சிக்கிச் சூடேறினால் தீப்பிடிக்கவும் கூடும். விவசாயிகளைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கொள்முதலுக்கு வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவீதம். ஊரிலோ உலர்களம் கிடையாது. வேறு எங்கே காயவைப்பார்கள்?

2018ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிப்பின்படி இத்தகைய சாலைகளில் காருக்கு 70, இருசக்கர வண்டிக்கு 60 கிலோமீட்டர் உச்ச வேகம். இங்கே அதுவே அதிகம். போதாக்குறைக்கு, ஊர்க்காரர்களே போட்ட வேகத்தடை ஒன்று வெள்ளைக்கோடும் பலகையும் இல்லாமல் இடுப்பை ஒடிக்கிறது. முறைப்படி அதன் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர் இருக்க வேண்டும். இது ஏறக்குறைய ஒரு வரப்பு!

சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதா, ஊராட்சி ஒன்றியத்துடையதா என்பதை எங்கே உறுதிசெய்வது? 40 கிலோமீட்டர் வேகப் பலகைக்கு ஆட்சியரிடம் மனு கொடுத்தால் போதுமா, கிராம சபைத் தீர்மானமும் வேண்டுமா? உலர்களம் கேட்டுப் பெற்ற ஊர்க்காரர்கள் யாரேனும் இருந்தால், எந்தத் திட்டத்தில் கிடைத்தது என்று சொல்லுங்கள். மே 1 கிராம சபைக்குள் மனுவைத் தயாரிக்க வேண்டும். மாதிரி இருந்தால் அனுப்பினால் பேருதவி.