டி மார்கன் கப்பல் ஓடு: பின்னால் ஒட்டிய சிமென்ட்டை எப்படி எடுப்பது?

லண்டன் ஃபுல்லமில், எங்கள் வீட்டுக் கணப்படுப்பிலிருந்து மார்ச்சில் கழற்றிய 6 அங்குல ஓடு (டைல்). பாய் விரித்த கப்பல், கீழே மீன்கள், உலோக மினுக்கத்தோடு மாணிக்கச் சிவப்பு. பார்த்துக்கொண்டே இருக்கலாம். விக்டோரியா காலத்து ஆங்கில ஓட்டுக் கலைஞர் வில்லியம் டி மார்கன் வேலை என்றே நினைக்கிறேன். 1888 முதல் 1907 வரை அவர் பட்டறை இதே ஃபுல்லமில், சாண்ட்ஸ் எண்டில்தான் இருந்தது. பின்பக்க முத்திரையைப் பார்த்தால் தெரியும். அங்கேதான் அரை அங்குலத்துக்கு சிமென்ட் அப்பியிருக்கிறது.

இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து மூங்கில் குச்சியால் சுரண்டினேன். ஓரத்தில் கொஞ்சம் உதிர்ந்தது, அவ்வளவுதான். வினிகர், அமிலம் எதுவும் போடவில்லை. அந்த மினுக்கம் மெல்லிய உலோகப் படலம், போனால் திரும்பாது. உளி வைக்கவும் பயம், மூலையில் ஏற்கெனவே மயிரிழை விரிசல்.

இப்படி ஒட்டிய சிமென்ட்டை, ஓடும் மினுக்கமும் கெடாமல் எந்தக் கருவியால் எடுத்தீர்கள்?