சம்பள விவாதத்தில் விமர்சனச் சிந்தனை: எதுவரை உதவும், எங்கே நின்றுவிடும்?

கேள்வி: வாசிப்புவட்டம், ஹட்டன்

வணக்கம். தேயிலைத் தோட்டத்து இளைஞர்களும் தொழிலாளர்களுமாக இருபத்தைந்து பேர் வரக்கூடிய கலந்துரையாடல் ஒன்று ஏற்பாடாகிறது. தலைப்பு நாட்சம்பளம், நேரம் இரண்டு மணித்தியாலம். பட்டிமன்றமாக வைத்தால் இரண்டு அணியும் கைதட்டல் வாங்கிக்கொண்டு போகும், கேட்டவர்கள் கொண்டுவந்த கருத்தோடே வீடு திரும்புவார்கள். அதனால் சொல்லப்படும் கூற்றுகளைச் சோதித்துப் பார்க்கும் பழக்கத்தை உண்டாக்க விரும்புகிறோம். எந்த உதாரணத்தை எடுக்கலாம், எப்படி நடத்தலாம்? இந்த முறை எந்த இடத்தில் கைகொடுக்காது என்பதையும் சொல்லுங்கள்.

பதில் 1: கணக்குச்சிட்டை

தோட்டக் கொம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சம்பளத்துக்காகச் செய்த 2019 ஜனவரிக் கூட்டு ஒப்பந்தத்தை எடுங்கள். விமர்சனச் சிந்தனைக்கு வரைவிலக்கணம் சொல்லிக்கொடுப்பதைவிட இந்த ஒரு கணக்கு சீக்கிரம் பிடிபடும்.

2016 ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய், வருகைக் கொடுப்பனவு 60, உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140, தேயிலை விலையை ஒட்டிய கொடுப்பனவு 30, ஆக மொத்தம் 730. 2019இல் அடிப்படை 700 ஆனது, விலைக் கொடுப்பனவு 50 ஆனது, மற்ற இரண்டும் நீக்கப்பட்டன. மொத்தம் 750. ஒரு தரப்பு 40 வீத உயர்வு என்றது, மறுதரப்பு வெறும் 20 ரூபாய் என்றது. இரண்டுமே பொய்யில்லை.

இனி உள்ளே போங்கள். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 வீதம் அடிப்படையிலிருந்து கழியும். முன்பு 40, பிறகு 56. எல்லாக் கொடுப்பனவும் வாங்கிவந்தவரின் கைக்கு 690 வந்த இடத்தில் 694 வருகிறது. உயர்வு நாலு ரூபாய்! வருகையும் கொழுந்து நிறையும் சரிவராமல் அந்த இரண்டு கொடுப்பனவையும் இழந்துவந்தவருக்கோ 490 வந்த இடத்தில் 694. கொம்பனி தன் பங்குக்குச் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்டுகிறது. அதையும் சேர்த்தால் 805 என்பது 855 ஆகிறது. ஒரே ஒப்பந்தத்துக்கு 200, 20, 4, 204, 50 என்று ஐந்து விடைகள்.

பலகையில் ஐந்தையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: எந்தத் தொழிலாளிக்கு? எதையெல்லாம் சேர்த்து? கைக்கு வருவதா, கொம்பனிக்குச் செலவாவதா? நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள், அவசரப்படுத்தினால் கழிவைக் கூட்டிவிடுவார்கள். அதன்பிறகு 2024க்கு வாருங்கள். மே தினத்தில் அறிவிக்கப்பட்டது 1,700. செப்டெம்பரில் வர்த்தமானிக்கு வந்த அடிப்படை 1,350. மேடையில் சொன்ன தொகைக்கும் சட்டமான தொகைக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

சம்பளச் சிட்டைகளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பெயரையும் நிதி இலக்கத்தையும் மறைத்துவிட்டுத்தான் காட்ட வேண்டும். ஒரு மாதச் சிட்டை போதாது, கொழுந்து பெருகும் மாதம் ஒன்று, வறட்சி மாதம் ஒன்று, இடைப்பட்டது ஒன்று எனக் குறைந்தது மூன்று வேண்டும். நாட்சம்பளத்தை 25ஆல் பெருக்கி மாதச் சம்பளம் என்று பேசுவதுதான் எங்கும் நடக்கும் பிழை. வேலை கொடுக்காத நாளும் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்ட நாளும் அந்தப் பெருக்கலில் வருவதில்லை.

பதில் 2: பழையமலை

கணக்குச்சிட்டை சொன்னது எண்களுக்குச் சரி. அதைவிடச் சிக்கலானது காரணம். "நம் தோட்டங்களில் ஒருவர் ஒரு நாளில் பறிக்கும் கிலோ குறைவு" என்பது சோதிக்கக்கூடிய கூற்று. "ஆகவே உழைப்புப் போதாது" என்பது வேறு கூற்று, முதலாவதன் முதுகில் ஏறி வருவது. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போடப் பழக்குங்கள்.

கிலோ குறைவதற்கு இருக்கக்கூடிய காரணங்களை எழுதச் சொல்லுங்கள். பழைய விதைத் தேயிலை, செடி செத்து வெற்றிடமான நிரைகள், புல் வெட்டாத மலை, உரம் தள்ளிப்போனது, மலையின் செங்குத்து, வேறு நாட்டில் கத்தரி அல்லது இயந்திரத்தால் பறித்த நிறையோடு கைப்பறிப்பை ஒப்பிட்டது. மீள்நடுகைக்குப் பழைய செடியைப் பிடுங்கி, ஒன்றரை இரண்டு வருடம் குவாத்தமாலாப் புல் வளர்த்து மண்ணைத் தேற்றி, அதன்பிறகுதான் கன்று நட வேண்டும். அத்தனை காலமும் அந்த மலையிலிருந்து வருமானம் கிடையாது. எனவே மீள்நடுகை பின்தங்கியதற்கு நிர்வாகத் தரப்பிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அதையும் பலகையில் எழுதாவிட்டால் அது ஒருபக்கச் சோதனைதான்.

விலைவாசிக்கும் இதே கவனம் வேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரு வருடத்தில் 69.8 வீதம் ஏறியிருந்தது. அது கொழும்புக் குடும்பத்தின் செலவுக் கூடை. வருமானத்தில் பெரும்பகுதி மாவுக்கும் அரிசிக்கும் போகும் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) குடும்பத்துக்கு அதே வீதம் பொருந்தாது.

பதில் 3: பிரட்டுக்களம்

எல்லை எங்கே என்று கேட்டீர்கள். கணக்கு முழுவதும் ஒத்துப்போன பிறகும் "இது போதுமான சம்பளமா?" என்ற கேள்வி அப்படியே நிற்கும். போதும் என்பதில் சாப்பாடு மட்டும் அடங்குமா, பிள்ளையின் டியூசன் காசும் அடங்குமா, சொந்தக் காணிக்கான ஆசையும் அடங்குமா? உங்கள் அளவுகோலை வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்று விமர்சனச் சிந்தனை கட்டாயப்படுத்தும். எந்த அளவுகோல் நியாயம் என்று அது தெரிவுசெய்து தராது. அதை மறைத்து, கணக்கே தீர்ப்புச் சொன்னதாக முடித்துவிடாதீர்கள்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையும் தொழிற்சங்கத் தலைவரும் முன்வரிசையில் இருக்கும் சபையில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் தராசில் கழிக்கும் கிலோவைப் பற்றி வாய் திறப்பாரா? அவர் பேசாததை "ஆதாரம் இல்லை" என்று எழுதிவிடுவது பெரிய பிழை. பெண்களை மட்டும் ஆறேழு பேராக முதல் அரைமணித்தியாலம் தனியாக இருத்துங்கள். சொல்வதை ஒருவரே எழுதட்டும், ஆளாளுக்கு எழுதினால் கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மாலையில் கூட்டம் வைத்தால் மலையிலிருந்து இறங்கி அடுப்பு மூட்டுகிறவர்கள் வரவே மாட்டார்கள். ஞாயிறு அல்லது போயா நாள் வையுங்கள்.

தர்க்கப் பிழைகளின் பெயர்களை முதல் நாளே கற்பிக்க வேண்டாம். கற்ற சூட்டில் அவற்றை அடுத்தவர் வாயை அடைக்கத்தான் எடுப்பார்கள். அதற்குப் பதில் ஒரு விதி: மறுக்க வருபவர் எதிராளி சொன்னதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே மறுப்புக்கு இடம்.

வாசிப்புவட்டம்

மிக்க நன்றி. தனியாக இருத்தும் யோசனை எங்களுக்குத் தோன்றவேயில்லை. ஒரு சந்தேகம்: "எல்லாவற்றையும் கேள்வி கேள்" என்று பழக்கினால் மண்சரிவு எச்சரிக்கை வரும்போதும் நின்று வாதாடுவார்களே?

பதில் 4: தெற்குச்சரிவு

வாதாடும் நேரத்தைப் பிரித்துக் காட்டுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மழை அளவுகள் தெளிவானவை: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கடந்தால் விழிப்பு, 100 கடந்தால் புறப்பட ஆயத்தம், 150 கடந்தாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 கடந்தாலோ வெளியேற்றம். அந்த நேரத்தில் "இந்த மலை சரியும் என்பதற்கு உறுதியான ஆதாரம் எங்கே?" என்பது தவறான கேள்வி. வீணாக வெளியேறினால் ஒரு இரவுத் தூக்கம் போகும், வெளியேறாமல் இருந்தால் உயிர் போகும். நட்டம் இப்படி ஒருபக்கம் சாய்ந்திருக்கையில் குறைந்த ஆதாரமே போதும். தரையில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய அல்லது நின்றுபோன ஊற்று கண்டால் மில்லிமீற்றருக்கும் காத்திருக்க வேண்டாம்.

ஆனால் 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்த தோட்டத்து மண்சரிவு அனர்த்தத்தைப் பேசும்போது, முன்பே எச்சரிக்கை இருந்தும் மக்கள் அங்கேயே இருந்ததை அறியாமை என்று முடிக்க விடாதீர்கள். போக மாற்றுக் காணி இருந்ததா, போனால் வேலைப்பேர் (நாள் வேலைப் பதிவு) என்னாகும், லயத்தில் விட்ட சாமானுக்கு யார் பொறுப்பு? இவை வெயில் காலத்தில் உட்கார்ந்து விவாதிக்க வேண்டிய கேள்விகள். பெப்ரவரியில் ஒரு நாள் அதற்கென்றே வையுங்கள், கிராம உத்தியோகத்தரையும் தோட்ட நிர்வாகத்தையும் அழைத்து, யார் எந்தக் கட்டடத்துக்குப் போவது என்று பெயர் பெயராக எழுதி முடியுங்கள்.