வில்லோ போத்து துளிர்த்தது, மூன்றாம் வாரம் கருகிவிட்டது. எங்கே தப்பு?

மொட்டைமாடி காட்பாடி:
பொங்கல் லீவில் ஊட்டி போனபோது, சித்தி வீட்டுக்குப் பின்னால் ஓடையோரம் நிற்கும் தொங்குவில்லோவில் ஆறு குச்சி வெட்டி வந்தேன். மரம் அப்போது இலை உதிர்த்து மொட்டையாக இருந்தது. திரும்பி வரும் வழியில் ஏலகிரியில் ஒரு விடுதி வாசலில் அதே மாதிரி தொங்கிக்கொண்டிருந்த மரத்தைப் பார்த்தேன். தோட்டக்காரரிடம் கேட்டு அதில் இன்னொரு ஆறு.

வீட்டுக்கு வந்ததும் முருங்கைப் போத்து நடுவது போலவே செய்தேன். இரண்டு நாள் நிழலில் காயப்போட்டு, மேல்வெட்டில் சாணி அப்பி, செம்மண்ணும் தொழு உரமும் பாதிப்பாதி கலந்த பையில் சொருகினேன். தினமும் போர் தண்ணீர். மேலே நிழல்வலை.

ஊட்டிக் குச்சிகள் பத்தாம் நாளே துளிர்த்தன. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்றாம் வாரம் இலையோரம் பழுப்பாகித் தொங்கிவிட்டது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் என்று ஒரு நூல்கூட இல்லை. ஏலகிரிக் குச்சிகள் துளிர்க்கவே இல்லை, அடி கறுத்துவிட்டது. வில்லோவைத் தலைகீழாக நட்டாலும் வேர் விடும் என்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் இப்படி?

போளூர் பெரியவர்:
தம்பி, முருங்கைப் பாடத்தை வில்லோவுக்கு எழுதிவிட்டீர்கள். முருங்கைத் தண்டு சதைப்பற்றானது. வெட்டுவாய் காயாமல் ஈரமண்ணில் வைத்தால் அழுகும், அதனால் காயப்போடுகிறோம். வில்லோ ஆற்றங்கரை மரம். அதன் தண்டுக்குள்ளேயே வேர்முனைகள் முன்கூட்டி உருவாகி உறங்கிக்கொண்டிருக்கும், ஈரம் பட்டால் எழும். அதைப் பயணத்தில் ஒரு நாள், நிழலில் இரண்டு நாள் என்று காயவைத்தால் அந்த முனைகள்தான் முதலில் சாகும்.

துளிரைப் பார்த்து ஏமாறாதவர்கள் கிடையாது. குச்சியில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தை வைத்தே மொட்டு விரிந்துவிடும், அதற்கு வேர் வேண்டாம். இலை விரிந்த பிறகுதான் தண்ணீர் வேண்டும். கொடுக்கக் கீழே ஆள் இல்லை. மூன்று வாரக் கணக்கு அதுதான்.

வாணியம்பாடி வீட்டுத்தோட்டம்:
தண்ணீரையும் பாருங்க தம்பி. பையின் மண்மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா? எங்கள் பக்கம் போர் தண்ணீரில் துளசிகூட முகம் சுளிக்கும். உப்பு அதிகமானால் புது வேர் நுனி எரிந்துவிடும். இதில் பாதிக்குப் பாதி தொழு உரம் வேறு! பிறக்காத குழந்தைக்குப் பிரியாணி ஊட்டியிருக்கிறீர்கள். வேர் வரும்வரை உரமே வேண்டாம். ஏசி குழாயில் சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள், அதில் உப்பு கிடையாது.

பெயரில்லாதவன்:
தமிழ் பைபிளில் வில்லோவை அலரி என்றுதான் போட்டிருக்கிறது. நர்சரியில் அலரிப் போத்து என்று கேட்டால் கொடுப்பார்களே, ஊட்டி வரை ஏன் போக வேண்டும்?

போளூர் பெரியவர்:
ஐயா, தயவுசெய்து வேண்டாம். நம் ஊரில் அலரி கேட்டால் அரளிதான் வரும். அது இலை, பூ, பட்டை எல்லாமே விஷம். மாடு மேய்கிற இடத்தில் வைக்கலாமா? பைபிளில் வரும் அந்தப் பாபிலோன் ஆற்றங்கரை மரமே வில்லோ இல்லை, ஒரு வகைப் பாப்லர் என்கிறார்கள் தாவரவியல்காரர்கள். தொங்குவில்லோவின் சொந்த ஊர் சீனா. சாலிக்ஸ் பாபிலோனிகா என்ற அறிவியல் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

குடியாத்தம் நர்சரி:
ஏலகிரி மரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. தம்பி, அந்தக் குச்சியில் காய்ந்த இலை ஏதாவது மிச்சமிருந்தால் கசக்கி மோந்து பாருங்கள். தண்டைச் சுற்றிச் சின்னச் சின்னக் கட்டைப் பொத்தான் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறதா? அதே கையோடு ஊட்டிக் குச்சிகளை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள்.

மொட்டைமாடி காட்பாடி:
நர்சரி அண்ணா, கசக்கினால் தைலம் மாதிரி வாசம்! பொத்தான்களும் இருக்கின்றன, வரிசையாக மணி கோத்த மாதிரி. நான் அதை மொட்டு என்று நினைத்திருந்தேன். ஊட்டிக் குச்சிகளில் மூன்று உள்ளே பழுப்பு. இரண்டில் நகம் பட்ட இடம் பச்சை. மண்மேல் வெள்ளைப் பொருக்கும் உண்டு. போர் தண்ணீரில், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்தேன், 1,700 காட்டுகிறது. 😔

குடியாத்தம் நர்சரி:
நினைத்தேன். ஏலகிரியில் வெட்டியது பாட்டில் பிரஷ், அதில் தொங்கும் ரகம். யூகலிப்டஸ் குடும்பம், அதனால்தான் தைல வாசம். பொத்தான் எல்லாம் விதைக்காய். சிவப்புப் பூ வரும்வரை பாதிப் பேர் அதை வில்லோ என்றுதான் சொல்வார்கள், கடையில் விற்பவர்களும் சேர்த்துத்தான். வில்லோ இலையில் வாசம் வராது. ஓரம் நுணுக்கமாக ரம்பப்பல், அடிப்புறம் வெளிறி இருக்கும். மொட்டு ஒற்றைச் செதில் தொப்பி போட்டுக்கொண்டு தண்டோடு ஒட்டிப் படுத்திருக்கும். பாட்டில் பிரஷ் குச்சி இப்படிச் சொருகினால் சுலபத்தில் வேர் விடாது. பாதி முற்றிய கிளை, வேர் ஹார்மோன் பவுடர், மேலே பாலிதீன் மூட்டம் என்று கேட்கும். அந்த ஆறையும் விட்டுவிடுங்கள்.

பச்சை இருக்கும் இரண்டுக்கும் வருகிறேன். மண்ணைக் கழுவுங்கள். அடியில் கறுத்ததை வெட்டி எறிந்து, பச்சை தெரியும் இடத்தில் ஒரு கணுவுக்குக் கீழே சாய்வாகப் புது வெட்டு. துளிரில் மேலே இரண்டு மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளுங்கள். பழைய பாட்டிலில் கறுப்புக் கவர் சுற்றி, முக்கால்வாசிக் குச்சி முழுகும்படி ஏசி தண்ணீரில் நிறுத்துங்கள். வெயில் படாத இடம். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினால் போதும். தலைகீழ் கதையை நம்பாதீர்கள், மொட்டு மேலே பார்க்க வேண்டும்.

பெயரில்லாதவன்:
ஆஸ்பிரின் மாத்திரை ஒன்று போட்டால் சீக்கிரம் வேர் வரும் என்று வீடியோவில் பார்த்தேன்.

குடியாத்தம் நர்சரி:
வில்லோ தண்டிலேயே சாலிசிலிக் அமிலமும் வேர் தூண்டும் ஹார்மோனும் இருக்கின்றன. வில்லோ குச்சி ஊறிய தண்ணீரை எடுத்து மற்றச் செடிகளின் போத்துக்கு ஊற்றுகிறார்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்காதீர்கள்.

மொட்டைமாடி காட்பாடி:
12 நாள் ஆகிவிட்டது. ஒன்று போய்விட்டது. இன்னொன்றில் ஐந்தாம் நாள் பட்டையில் வெள்ளைப் புள்ளி வெடித்தது, இன்று காலை அரிசி முளை நீளத்துக்கு நான்கு வேர்! இதைத் திருவலம் பக்கம் எங்கள் நிலத்தில் கிணற்று ஓரம் வைக்கலாமா? எப்போது மண்ணுக்கு மாற்றட்டும்?

போளூர் பெரியவர்:
சந்தோஷம் தம்பி. கிணற்று ஓரம் மட்டும் வேண்டாம், ஈரத்தைத் தேடிப்போய்க் கல் இடுக்கில் வேர் விடும். 50 அடியாவது தள்ளி வையுங்கள், குழாயும் செப்டிக் தொட்டியும் இல்லாத பக்கமாக. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது குளிர் கண்ட மரம். நம் கத்திரி வெயிலில் ஊட்டியில் பார்த்த மாதிரி நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நிழல் வேண்டும் என்பதுதான் காரணம் என்றால் ஆற்றுப்பாலை தேடுங்கள். அதுவும் வில்லோ சாதிதான், நம் நாட்டு ஓடைக்கரை மரம். பழைய பாட்டுகளில் வரும் வஞ்சி இதுதான் என்பவர்களும் உண்டு. தொங்காது, ஆனால் வெயில் தாங்கும்.

மொட்டைமாடி காட்பாடி:
தொங்குவதற்காகத்தான் ஐயா ஆசைப்பட்டதே. ஒன்றுதானே, முயன்று பார்க்கிறேன். 🙂

குடியாத்தம் நர்சரி:
சரி, அப்படியானால் வேர் இரண்டு விரற்கடை வந்ததும் மாற்றிவிடுங்கள். நீளட்டும் என்று விட்டால் தண்ணீர் வேர் மண்ணில் முறியும். நார்க்கழிவும் ஆற்று மணலும் கலந்து, உரமில்லாமல், ஒரு ஆழமான பை. முதல் வாரம் சேறு மாதிரி ஈரம், பிறகு மெல்லக் குறையுங்கள். கோடை முழுக்க மரநிழலில் பையிலேயே இருக்கட்டும். ஐப்பசி மழை இரண்டு உழவு பெய்த பிறகு நிலத்துக்குக் கொண்டுபோங்கள். அடுத்த தையில் சித்தி வீட்டுக்குப் போனால் ஈரச்சாக்கும் ஒரு பாலிதீன் பையும் எடுத்துப் போங்கள்.